சேர்ந்து வாழ்ந்ததற்கு என்ன சாட்சி?



இந்த நினைவுரைக்கு அமைப்பாளர்கள் என்னை அழைத்தபோது என்ன தலைப்பு என்று கேட்டார்கள். பதிவில்லாமல் சேர்ந்து வாழ்பவர்களின் சட்டச் சிக்கலும் பணச் சிக்கலும் என்றேன். தொலைபேசியின் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு தோழர் ஒருவர், "இலக்கிய அரங்குதானே தோழர்?" என்று மெதுவாகக் கேட்டார். இலக்கியத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அண்ணனின் கடைசிக் கவிதைத் தொகுப்பு அவர் இறந்து ஐந்து ஆண்டு கழித்துத்தான் வந்தது. ஏன் அவ்வளவு தாமதம் என்று இந்த அரங்கில் பலருக்கு இன்றைக்கும் தெரியாது. அதைச் சொன்னாலே என் உரையில் பாதி முடிந்துவிடும்.

முன்வரிசையில் அக்கா உட்கார்ந்திருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் பேசுகிறேன். "எல்லாத்தையும் சொல்லு, ஊர் பேரும் ஆபீஸ் பேரும் மட்டும் வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார்.

அண்ணனும் அக்காவும் 1998-இல் மாலை மாற்றிக்கொண்டார்கள். ஒரு படிப்பகத்தின் மாடியில், முப்பது பேர் முன்னிலையில். அண்ணன் சேரியில் பிறந்தவர், அக்கா ஊர்த்தெருவில் பிறந்தவர். தாலி இல்லை, ஐயர் இல்லை, பதிவும் இல்லை. பதிவு செய்யலாமே என்று அன்றைக்கே ஒரு வழக்கறிஞர் தோழர் சொல்லியிருக்கிறார். "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து வாழறதுக்கு சர்க்கார் எதுக்கு ரசீது போடணும்?" என்று அண்ணன் கேட்டாராம். கூடியிருந்தவர்கள் கைதட்டியிருக்கிறார்கள். நானும் அந்த மாடியில் இருந்தேன், மாணவியாக. நானும்தான் கைதட்டினேன்.

2016-இல் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். பதினெட்டு ஆண்டு வாழ்க்கை. குழந்தைகள் இல்லை. அப்பா அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். அவர் வேலை பார்த்த நிறுவனத்தில் வருங்கால வைப்பு நிதி இருந்தது, ஓய்வூதியத் திட்டம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு நியமனப் படிவத்தில் அம்மா பெயரை எழுதியவர், பிறகு அதைத் தொடவே இல்லை. வங்கிக் கணக்கில் கொஞ்சம் பணம். ஊரில் பாகம் பிரிக்காத இரண்டு சென்ட் மனை. வாடகை வீடு நிறையப் புத்தகங்கள். ஒரு டிரங்குப் பெட்டியில் கையெழுத்துப் பிரதிகள்.

வாரிசுச் சான்றிதழுக்கு அக்கா விண்ணப்பித்தார். வி.ஏ.ஓ. விசாரிக்க வந்தார். வட்டாட்சியர் அலுவலகத்தில் திருமணப் பதிவுச் சான்று எங்கே என்றார்கள். இல்லை. திருமண மண்டப ரசீது? இல்லை. கோயில் ரசீது? சிரிக்க முடியாத இடத்தில் அக்காவுக்குச் சிரிப்பு வந்ததாம். "நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கி வாருங்கள்" என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்குள் அண்ணனின் தம்பிகள் இருவரும், அண்ணன் திருமணமாகாதவர், நாங்களே வாரிசு என்று மனுப் போட்டார்கள். அண்ணன் உயிரோடு இருந்தவரை அக்காவை "அண்ணி" என்று கூப்பிட்டவர்கள்தான்.

அவர்கள் மனுவைப் பேராசை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. சட்டப்படி அதற்கு ஒரு வழி இருந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956 ஓர் ஆணின் சொத்தை முதலில் மனைவி, மக்கள், தாய் உள்ளிட்ட முதல் வகுப்பு வாரிசுகளுக்குத் தருகிறது. அவர்களில் ஒருவரும் இல்லையென்றால் இரண்டாம் வகுப்புக்குப் போகும். அங்கே தந்தைக்கு அடுத்த நிலையில் சகோதரர்களும் சகோதரிகளும் வருகிறார்கள். "சேர்ந்து வாழ்ந்தவர்" என்று ஒரு வாரிசு அந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. அக்கா மனைவி என்றால் எல்லாம் அவருக்கு. மனைவி இல்லை என்றால் ஒரு ரூபாய்கூட இல்லை. நடுவில் எதுவும் கிடையாது.

எல்லாம் என்பதில் எழுத்துரிமையும் அடங்கும். இந்தியாவில் ஓர் எழுத்தாளர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கிறது. அதுவும் சொத்துதான், வாரிசுகளுக்குத்தான் போகும். பெட்டியில் இருந்த கவிதைகளில் பாதியை அண்ணன் சொல்லச் சொல்லத் தன் கையால் எழுதியவர் அக்கா. அவற்றை அச்சிடக் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் தம்பிகள் என்று பதிப்பாளருக்கு அவருடைய வழக்கறிஞர் சொல்லிவிட்டார். பதிப்பாளர் பயந்தார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நம் சிறு பதிப்பகங்களுக்கு ஒரு வழக்கு வந்தால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

நம்மில் பலர் ஒன்றை நம்பிக்கொண்டிருக்கிறோம். இத்தனை ஆண்டு சேர்ந்து வாழ்ந்துவிட்டால் சட்டமே அதைத் திருமணமாக ஆக்கிவிடும் என்று. ஆங்கிலேயர்களுக்கும் இந்த நம்பிக்கை உண்டு. அவர்கள் பொதுச்சட்ட மணம் என்பார்கள். ஆனால் இங்கிலாந்தில் சடங்கோ பதிவோ இல்லாத மணங்களுக்கு 1753-ஆம் ஆண்டுச் சட்டமே கதவை மூடிவிட்டது. இன்றைக்கும் அங்கே பலர் பொதுச்சட்ட மனைவி என்று சொல்லிக்கொண்டு வாழ்ந்து, துணை இறந்த பிறகுதான் அப்படி ஒரு உரிமை இல்லை என்று கண்டுபிடிக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் நீண்டகாலச் சேர்வாழ்வை மணமாக ஏற்ற பழைய வழக்கத்தை 2006-இல் எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் டெக்சாஸ், கொலராடோ போன்ற சில மாநிலங்களில் மட்டும் அது உயிரோடு இருக்கிறது.

நம் நாட்டில் இருப்பது வேறொன்று. ஓர் ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாக நெடுநாள் வாழ்ந்தால், அவர்களுக்குள் திருமணம் நடந்திருக்கும் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். சாட்சியச் சட்டத்தின் 114-ஆம் பிரிவு இதற்கு இடம் தந்தது. இப்போது வந்திருக்கும் புதிய சட்டத்தில் அது 119-ஆம் பிரிவு. 1978-இல் பத்ரி பிரசாத் வழக்கில் ஐம்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த ஒரு தம்பதி பற்றி உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: இவ்வளவு காலத்துக்குப் பிறகு திருமணம் நடந்ததை நிரூபி என்று கேட்கக்கூடாது, இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். 2022-இல் கேரளாவைச் சேர்ந்த கட்டுக்கண்டி வழக்கிலும் இதே அடிப்படையில்தான் ஒரு மகனுக்குக் குடும்பச் சொத்தில் பங்கு கிடைத்தது.

ஆனால் இது அனுமானம் மட்டும்தான். எதிர்த்தரப்பு அதை உடைக்கலாம். இன்னொன்று, அனுமானிப்பவர் நீதிபதி. வட்டாட்சியர் அனுமானிக்க மாட்டார், வங்கி மேலாளர் அனுமானிக்க மாட்டார், வைப்பு நிதி அலுவலகம் அனுமானிக்காது. அவர்களுக்குக் காகிதம் வேண்டும். அந்த அனுமானத்தை ஒரு காகிதமாக மாற்ற நீதிமன்றத்தில் எத்தனை ஆண்டு நிற்க வேண்டும் என்பதுதான் நம் கேள்வி. அக்காவுக்கு நான்கு ஆண்டு எட்டு மாதம் ஆனது.

சேர்ந்து வாழும் பெண்களுக்குச் சட்டம் எதுவுமே தரவில்லையா என்று மாணவர்கள் கேட்பீர்கள். தந்திருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் "திருமணத்தின் தன்மை கொண்ட உறவு" என்ற சொல்லைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அடித்தால் பாதுகாப்பு, குடியிருக்கும் வீட்டிலிருந்து துரத்தாமல் இருக்க உத்தரவு, செலவுக்குப் பணம், இவற்றையெல்லாம் அதன் கீழ் கேட்கலாம். எந்த உறவு அந்தத் தன்மை கொண்டது என்ற விளக்கம் நம் கோயம்புத்தூரிலிருந்து போன வழக்கில்தான் வந்தது. வேலுசாமி எதிர் பச்சையம்மாள், 2010. இருவரும் கணவன் மனைவிபோல உலகத்துக்குத் தெரிய வாழ்ந்திருக்க வேண்டும், மண வயது வந்திருக்க வேண்டும், சட்டப்படி மணம் செய்யத் தகுதி இருக்க வேண்டும், அதாவது வேறு மணம் நிலுவையில் இருக்கக்கூடாது, கணிசமான காலம் விருப்பத்தோடு சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது.

அதே தீர்ப்பு "வைப்பு" என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் சொல்லையும் பயன்படுத்தியது. பணம் கொடுத்துப் பாலுறவுக்கோ வேலைக்காரியாகவோ ஒருவன் வைத்துக்கொண்டவளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றது. அந்தச் சொல்லை எதிர்த்து உச்ச நீதிமன்றத்திலேயே கூடுதல் தலைமை வழக்கறிஞராக இருந்த இந்திரா ஜெய்சிங் கண்டித்தார். அந்தச் சொல்லைப் படிக்கும்போது எனக்குச் சட்டப் புத்தகம் நினைவுக்கு வருவதில்லை, என் ஊர் நினைவுக்கு வருகிறது. மேல்சாதி ஆண்களின் களத்துமேட்டில் வேலை செய்து, அவர்கள் பிள்ளைகளையும் பெற்று வளர்த்த பெண்களுக்கு ஊர் வைத்திருந்த பெயர் அது. எங்கள் தெருவில் அப்படி ஒரு பாட்டி இருந்தார். அவருடைய பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயருக்கு நேரே யாரோ ஒரு மாமா பெயர் இருக்கும். வேறு மணம் இருக்கக்கூடாது என்ற நிபந்தனை தாளில் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் தவறு செய்தவன் ஆண், தண்டனை பெண்ணுக்கு. 2013-இல் இந்திரா சர்மா வழக்கில், அவன் மணமானவன் என்று தெரிந்தே வாழ்ந்தாள் என்று சொல்லி அந்தப் பெண்ணுக்கு நிவாரணம் மறுத்த உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட பெண்கள் நடுத்தெருவில் நிற்கிறார்கள், நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்றும் எழுதியது. நாடாளுமன்றம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

ஜீவனாம்சம் கேட்பது ஓரளவு எளிது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125, இப்போதைய 144-ஆம் பிரிவில், மணச்சடங்கைக் கறாராக நிரூபிக்கத் தேவையில்லை என்று 2018-இல் கமலா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் கவனியுங்கள். இவையெல்லாம் ஆண் உயிரோடு இருக்கும்போது அவனிடமிருந்து கேட்பவை. அவன் செத்த மறுநாள் இவற்றில் ஒன்றும் கைகொடுக்காது. நம் ஆட்களோ சீக்கிரம் சாகிறார்கள்.

இதை உருவகமாகச் சொல்லவில்லை. கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி மூச்சடைத்துச் செத்தால் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நாம் போராடித்தான் இது கிடைத்தது. ஆனால் அந்தக் காசோலை யார் பெயருக்கு? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் செத்தவனோடு ஏழு ஆண்டு வாழ்ந்த பெண், கையில் இரண்டு குழந்தைகள். அவளுக்கு அது இரண்டாவது வாழ்க்கை. முதல் கணவன் குடித்துவிட்டு அடித்ததால் பிரிந்து வந்தவள். நம் தெருக்களில் அப்படிப் பிரிவதற்குப் பெரியவர்கள் முன்னால் பேசித் தீர்த்துக்கொள்வார்கள், அதோடு முடிந்தது. வழக்கப்படியான மணமுறிவை இந்துத் திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு காப்பாற்றி வைத்திருக்கிறது என்றாலும், அந்த வழக்கம் இருந்ததை ஒருவர் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க அவளிடம் என்ன இருந்தது? பேசித் தீர்த்த பெரியவர்கள் இருவரும் செத்துவிட்டார்கள். கடைசியில் மாமியாரே, "இவதான் என் மருமக, எம் பேரப்புள்ளைங்க" என்று அலுவலகத்தில் நின்று சொன்னதால் பணம் வந்தது. அந்தக் கிழவி மனசு மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

குழந்தைகள் நிலைமை பரவாயில்லை. மணம் செல்லாது என்றாலும் பிள்ளைகள் சட்டப்படியானவர்களே என்கிறது இந்துத் திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. கூட்டுக் குடும்பச் சொத்தில் பெற்றோருக்கு வந்திருக்கும் பங்கிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2023 செப்டம்பரில் ரேவணசித்தப்பா வழக்கில் முடிவாகிவிட்டது. ஆனாலும் முதலில் இவன்தான் அப்பா என்று காட்டும் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். சாதிச் சான்றிதழுக்கும் அதுவே முதல் படி.

விபத்தில் இறந்தால் மட்டும் கொஞ்சம் தாராளம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தில் இழப்பீடு கேட்பவர் "சட்டப் பிரதிநிதி" என்பவர். 2021-இல் ஜெயஸ்ரீ வழக்கில் அந்தச் சொல்லுக்கு உச்ச நீதிமன்றம் விரிந்த பொருள் கொடுத்து, இறந்தவரை நம்பி வாழ்ந்த மாமியாரையே அதில் சேர்த்தது. ஆனால் வேலையிடத்தில் செத்தால், 2025 நவம்பர் வரை 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம்தான் இருந்தது. அதில் யார் யார் சார்ந்திருப்போர் என்று பட்டியலே இருந்தது. விதவை இருந்தார், சேர்ந்து வாழ்ந்தவர் இல்லை. அதே மனிதன், அதே பெண். பேருந்து மோதிச் செத்தால் ஒரு நியாயம், சாரம் சரிந்து செத்தால் வேறொரு நியாயம்.

அக்கா கதைக்கு வருகிறேன். வழக்கில் ஒரு திருப்பம் இருந்தது. பதினெட்டு ஆண்டும் அவர்கள் தங்களைத் திருமணமாகாமல் சேர்ந்து வாழ்பவர்கள் என்றுதான் நினைத்திருந்தார்கள், பெருமையாகச் சொல்லவும் செய்தார்கள். ஆனால் அந்தப் படிப்பக மாடியில் நடந்தது சட்டப்படியே திருமணம்! அண்ணா ஆட்சியில் 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவு. உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், புரியும் மொழியில் ஒருவரையொருவர் மணமக்களாக அறிவித்தாலோ, மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். இவற்றில் ஏதாவது ஒன்று. அதற்கு முன்பு 1930-களில் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அந்த அவமானத்தின் மீதுதான் இந்தப் பிரிவு எழுந்தது. பௌத்தத்தைத் தழுவிய நம் தோழர்களுக்கும் இது பொருந்தும், ஏனென்றால் அந்தச் சட்டம் பௌத்தர்களையும் உள்ளடக்கியது. அது சரியா என்ற விவாதம் வேறு, இன்றைக்கு வேண்டாம். ஒருவர் கிறித்தவர், மற்றவர் இந்து என்றால் மட்டும் இந்த வழி இல்லை. சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போகலாம், அங்கே 30 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள்.

ஆக, நீதிமன்றத்தில் கேள்வி சுருங்கியது: 1998-இல் மாலை மாற்றியது உண்மையா? ஒரே ஒரு புகைப்படம் இருந்தது, பாதி மங்கியது. கையால் எழுதி நகலெடுத்த அழைப்பிதழ் ஒரு தோழரின் பரணில் கிடைத்தது. குடும்ப அட்டையில் இருவர் பெயரும் இருந்தன. மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதம் கொடுத்து "மனைவி" என்று அக்கா போட்ட கையெழுத்து இருந்தது. முப்பது பேரில் சாட்சி சொல்ல வந்தவர்கள் நான்கு பேர். கைதட்டியவர்கள் மற்றவர்கள் எங்கே என்று நான் கேட்கவில்லை, சிலர் இறந்துவிட்டார்கள், சிலருக்கு நேரமில்லை. சாட்சிக் கூண்டில் என்னிடம் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், "இவர்கள் திருமணத்தை நம்பாதவர்கள் என்று கட்டுரையே எழுதியிருக்கிறார்களே?" என்று அண்ணனின் கட்டுரையை எடுத்து நீட்டினார். அண்ணனின் எழுத்தே அக்காவுக்கு எதிரான ஆவணமாக வந்து நின்றது. நான் என்ன பதில் சொன்னேன் என்பது இன்றும் சரியாக நினைவில்லை. மாலை மாற்றியதைப் பார்த்தேன் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

2021-இல் திருமணம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு புத்தகமும் வந்தது. தம்பிகளில் சின்னவர் வெளியீட்டுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

இதற்கெல்லாம் பிறகு 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இளவரசன் வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது. இந்த இளவரசன் தருமபுரி இளவரசன் அல்ல, குழப்பிக்கொள்ள வேண்டாம். 7-ஏ மணத்துக்கு ஊரறிய அறிவிப்போ பெரிய கூட்டமோ தேவையில்லை, உயிருக்குப் பயந்து வருபவர்கள் அப்படிச் செய்ய முடியாது என்றது. வழக்கறிஞர் அறையில் நடக்கும் மணம் செல்லாது என்ற 2014-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தள்ளியது.

பதிவு செய்வதில் ஆபத்து இருக்கிறது என்பவர்களை நான் மறுக்கவில்லை. புதுக்கூரைப்பேட்டை கண்ணகியும் முருகேசனும் 2003-இல் பதிவு செய்துகொண்டவர்கள்தான். காகிதம் அவர்களைக் காப்பாற்றவில்லை. உத்தரகாண்டில் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பொது சிவில் சட்டம், சேர்ந்து வாழ்வதையே பதிவு செய்யச் சொல்கிறது, செய்யாவிட்டால் சிறை என்கிறது, தகவலைக் காவல் நிலையத்துக்கு அனுப்புகிறது, 21 வயது ஆகாதவர் என்றால் பெற்றோருக்கும் சொல்கிறது. சாதி மீறியவர்களைக் காட்டிக்கொடுக்கும் பதிவேடு அது. அதை எதிர்க்க வேண்டும். ஆனால் அரசு நம் படுக்கையறைக்குள் எட்டிப் பார்ப்பதும், நாம் நம் துணையின் பெயரை ஒரு தாளில் எழுதி வைப்பதும் ஒன்றல்ல. அண்ணன் அந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. அதற்கான விலையைக் கொடுத்தவர் அக்கா. நம் இயக்கங்களில் காகிதம் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள், காகிதத்துக்காக அலைந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அம்பேத்கரும் சவிதாவும் 1948 ஏப்ரல் 15 அன்று டெல்லியில் பதிவுத் திருமணம்தான் செய்துகொண்டார்கள்.

திருமணமே வேண்டாம் என்று உறுதியாக இருப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் முடிவை மதிக்கிறேன். அப்படியானால் உயில் எழுதுங்கள். முத்திரைத் தாள் வேண்டாம், பதிவு கட்டாயமில்லை. வெள்ளைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் போதும். எழுத்துரிமை யாருக்கு, கையெழுத்துப் பிரதிகள் யாருக்கு என்று தனியாக ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் சம்பாதித்ததை அப்படிக் கொடுக்கலாம். ஆனால் குடும்ப ஓய்வூதியத்தை உயிலால் கொடுக்க முடியாது, அது விதிகளில் சொல்லப்பட்டவர்களுக்குத்தான் போகும். வங்கியிலும் காப்பீட்டிலும் நியமனதாரர் பெயரைப் போட்டுவிட்டதால் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். நியமனதாரர் பணத்தை வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே, வாரிசுகள் கேட்டால் கொடுக்க வேண்டும் என்று 1983-இலேயே சர்பதி தேவி வழக்கில் சொல்லிவிட்டார்கள். 2015-இல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தி, நியமிக்கப்பட்ட பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகளுக்குப் பணம் முழுச் சொந்தம் என்றார்கள். சேர்ந்து வாழ்பவர் அந்தப் பட்டியலிலும் இல்லை. நியமனமும் வேண்டும், உயிலும் வேண்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மாலை மாற்றிக்கொண்ட தோழர்கள் இந்த அரங்கிலேயே பத்து ஜோடிக்குக் குறையாது. வெளியே புத்தக மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை போட்டிருக்கிறோம். வழக்கறிஞர் தோழர்கள் இருவர் இருப்பார்கள், வெள்ளைத் தாளும் பேனாவும் இருக்கும். சாட்சிக் கையெழுத்துக்கு அக்காவும் நானும் இரவு எட்டு மணி வரை இருக்கிறோம்.

ஜெய்பீம்.